மாலைத் திருத்தம்

நகரத்தின் மேற்கு விளிம்பில், மேடென்றும் சொல்ல முடியாமல் சமநிலம் என்றும் சொல்ல முடியாமல் மெல்லச் சாய்ந்து கிடக்கும் நிலத்தின்மேல், நூறாண்டு வெயிலையும் மழையையும் வாங்கிச் செங்கல் நிறம் கறுத்த கட்டடங்கள் ஒன்றன் தோளை ஒன்று தொட்டு நிற்கும் அந்தப் பல்கலைக்கழகத்தில், மாலை நான்கரை மணி என்பது தனியழகு கொண்ட பொழுது. வகுப்புகள் விட்டு, இளையோரின் பேச்சொலி நடைபாதைகளில் வழிந்தோட, நூலகத்தின் மேல்மாடச் சாளரங்களில் தங்கிய வெயில் பொன்னிறம் கொள்ள, எதிர்ச்சாலையில் பணிமுடித்தோரை ஏற்றிய பேருந்துகள் பெருமூச்செறிந்து நகர, போகவும் மனமின்றி வாயிலில் நின்று இன்னும் இரண்டு சொல் பேசும் விருந்தினரைப்போலப் பகல் தயங்கி நிற்கும்.

கற்றறிந்த அன்பரே, அவ்வழகை மேலேயே விட்டுவிட்டு, இயற்பியல் துறையின் பின்புறத்துப் படிக்கட்டில் பதினேழு படிகள் என்னுடன் இறங்கி வாருங்கள். கடைசிப் படியில் தலையைச் சற்றுக் குனிந்துகொள்ளுங்கள். உயரமானவர்கள் பலர் அங்கே நெற்றி வீங்கியிருக்கிறார்கள். இரண்டு முழக் கனமுள்ள சுவர்கள் சூழ்ந்த அந்நிலவறையில், காற்றும் வெயிலும் புகாத கண்ணாடிப் பேழையொன்றினுள், மயிரிழையினும் மெல்லிய கம்பியொன்று தொங்குகிறது. அக்கம்பியின் முனையில் ஒரு சிறு கோல். கோலின் இரு முனையிலும் சுண்டைக்காய் அளவில் இரு குண்டுகள். கோலின் நடுவே நகக்கண் அளவில் ஓர் ஆடி. அவ்வாடியில் பட்டுத் திரும்பும் ஒளி, எதிர்ச்சுவரிலுள்ள அளவுகோலின்மேல் ஒரு புள்ளியாய் விழும். பேழையின் அருகே பெரிய ஈயவுருண்டைகளைக் கொணர்ந்தால், அவை சிறு குண்டுகளைத் தம்பால் இழுக்கும், கம்பி முறுக்கிக்கொள்ளும், ஒளிப்புள்ளி நகரும். உலகிலுள்ள எப்பொருளும் எப்பொருளையும் இழுக்கிறது. மலையும் இழுக்கிறது, மண்பானையும் இழுக்கிறது. அவ்விழுப்பு எவ்வளவு என்பதற்கு ஓர் எண் உண்டு. அந்த ஓர் எண்ணைத் துல்லியமாகக் காண்பதற்கே முப்பத்தொரு ஆண்டுகளை அந்நிலவறையில் கழித்தவர், இன்னும் மூன்று நாளில் பணி ஓய்வு பெறவிருந்த அப்பேராசிரியர்.

மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் பிழையம்மா. அவர் காதுக்கு அது எட்டாது என்று ஒவ்வோராண்டும் புதிதாய் வந்தவர்கள் நம்பினார்கள். அவரோ ஓய்வறையில் அமர்ந்து தேநீர் ஆற்றியபடி, 'இந்த வருஷத்துப் பசங்க என்னைப் பிழையம்மான்னு கூப்பிட ஒரு வாரம் எடுத்துக்கிட்டாங்க, கொஞ்சம் மந்தம்தான்' என்று உடன்பணியாளரிடம் சொல்லிச் சிரிப்பார். முதல் வகுப்பிலேயே கரும்பலகையில் ஒரு கோடு கிழித்து, இதன் நீளம் என்ன என்று கேட்பார். எவராவது எழுந்து அளந்து, பன்னிரண்டு என்பார். 'பன்னிரண்டு சரி, அதுல எவ்வளவு தப்பு இருக்கலாம்?' என்பார் இவர். மாணவர் விழிப்பார். 'தப்பு எவ்வளவுன்னு சேர்த்துச் சொல்லாத அளவு வெறும் வதந்தி. வதந்தியை வீட்டுல வச்சுக்கோ, இங்க எடுத்துட்டு வராதே.' இந்த ஒற்றைப் பாடத்தை முப்பத்துநான்கு ஆண்டுகள் பலவாறு நடத்தி, பள்ளிப் பிள்ளைகளுக்கு மூன்று பாடநூல்கள் எழுதி, துறைப் பட்டறையில் நாட்கூலிக்கு இருந்த கருவியாளரை நிலைப்பணியில் அமர்த்துவதற்காக அலுவலகத்துக்கு ஏழாண்டு மனு எழுதி வென்று, தாம் கண்ட எண்ணால் துறையின் பெயரை உலகின் ஆய்வுக்கூடங்கள் அறியச் செய்தவர் அவர். ஆகவே பணி ஓய்வு விழாவுக்கெனக் கருங்கல் ஒன்றில் அவ்வெண்ணை ஆறு இலக்கங்களோடு செதுக்கி, நிலவறைப் படிக்கட்டின் தலைப்பில் பதித்து, மேலே துணியும் போர்த்தி வைத்திருந்தார் துறைத்தலைவர்.

ஆயினும் அன்பரே, புகழ்பாடுவதற்கு நான் உங்களை இங்கே அழைத்து வரவில்லை. அவருடைய அளவுக் குறிப்பேடுகளில் மாலைத் திருத்தம் என்றொரு வரிசை உண்டு; அதைச் சொல்லவே அழைத்தேன்.

கருவியை நிறுவிய தொடக்க ஆண்டுகளில், நாள்தோறும் மாலை நான்கு நாற்பது அளவில் அந்த ஒளிப்புள்ளி, எவரும் எதையும் தொடாமலே, மேற்குச் சுவர்ப்பக்கமாக மூன்று கோடுகள் நகர்ந்து, ஆறு மணிக்குமேல் மீண்டும் தன்னிடம் திரும்பியது. ஞாயிறன்று மட்டும் அசையாது. வேறொருவராயின் தலையில் அடித்துக்கொண்டு விட்டிருப்பார். இவர் முன்னறையில் தாம் அமரும் நாற்காலியைத் தரையோடு ஆணியடித்து நிறுத்தி, தம் உடலின் இழுப்பைக்கூடக் கணித்துக் கழித்தவர். அளவெடுக்கும் நேரத்தில் அறைக்குள் எவரும் வரலாகாது என்று கதவில் எழுதி ஒட்டியவர். கட்டட வரைபடத்தை விரித்துப் பார்த்தார். மேற்குச் சுவருக்கு அப்பால் மண் நிரப்பிய இடம் என்றிருந்தது. அடுத்த கட்டடத்து மின்தூக்கியை ஒரு வாரம் நிறுத்தச் செய்தார், புள்ளி நகர்ந்தது. குடிநீர்த் துறைக்கு மடல் எழுதி நீரேற்றும் பொறியை நிறுத்தச் செய்தார்; நகரம் குடத்தோடு நின்றதே தவிர, புள்ளி நிற்கவில்லை.

அவருடைய கணவர் பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளர். தடித்த உடம்பும் மெல்லிய குரலும் உடையவர். நான்கு மணிக்குப் பணிமுடிந்தால் நான்கு மணி ஒரு நிமிடத்துக்கு அங்கே அவரைக் காண முடியாது. நாள்தோறும் மாலையில் மனைவியை அழைத்துச் செல்ல வருவார். ஆறு மணிக்குப் பேராசிரியர் கதவைப் பூட்டிப் படியேறி வரும்போது கணவர் வாயில் மரத்தடியில் நின்றிருப்பார். 'வந்து ரொம்ப நேரம் ஆச்சா?' என்பார் மனைவி. 'இல்லம்மா, இப்பதான் வந்தேன்' என்பார் கணவர். இருபத்திரண்டு ஆண்டுகள் இந்த இரு வரிகளும் மாறவில்லை.

புள்ளி நகரும் புதிரைக் கேட்டுக் கேட்டு மனைவியோடு தாமும் உறக்கம் கெட்ட அவர், ஒருநாள், 'ஒருவேளை எங்க பஸ்ஸா இருக்குமோ? அந்த நேரத்துலதான் எதிர் ரோட்டுல நெரிசல்' என்றார். மேலாளரிடம் கெஞ்சி, பத்து நாளைக்கு மாலைப் பேருந்துகளை வேறு சாலைவழியே திருப்பிவிட இசைவு பெற்று, ஓட்டுநர்கள் பழக்கத்தில் பழைய வழியே வந்துவிடாதிருக்க, அப்பத்து நாளும் மாலை முழுதும் சாலை முனையில் தாமே நின்று கைகாட்டினார். அந்தப் பத்து நாளும் புள்ளி அசையவில்லை. பதினோராம் நாள் பேருந்துகள் பழைய வழிக்குத் திரும்பின, புள்ளியும் நகர்ந்தது. வீட்டில் அன்று இருவரும் திருமணத்து நாளைக்காட்டிலும் மகிழ்ந்திருந்தார்கள். பேருந்துகளின் அதிர்வே காரணம் என்று எழுதி, நாள்தோறும் அந்த மூன்று கோட்டைக் கழிக்கும் கணிப்புமுறை ஒன்றை வகுத்து, அதற்கு மாலைத் திருத்தம் என்று பெயரிட்டார் பேராசிரியர். பின்னாளில் கணிப்பொறி வந்தபோது அக்கழித்தலை அதனிடமே ஒப்படைத்தார்.

கணவர் இறந்து ஒன்பது ஆண்டாகிறது. ஒரு வியாழக்கிழமை பணிமனையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. இருபது நாள் கழித்துத் துறைக்குத் திரும்பிய பேராசிரியர், கருவிக்குப் புதுக்கம்பி மாற்றினார். வேலை முன்னிலும் நுண்மையாக நடந்தது. ஒன்று மட்டும் மாறியது: நான்கு மணிக்கே வீடு திரும்பலானார். ஆறு மணிக்குப் படியேறி வந்து, வெறும் மரத்தை மட்டும் பார்ப்பதற்கு அவரால் முடியவில்லை. கருவி தானே அளந்தது. கணிப்பொறி தானே கழித்தது. காலையில் வந்து நாள் முழுமைக்குமான சராசரியை மட்டும் பார்த்தார். அப்படிப் பிறந்ததுதான் இரண்டாம் எண், கல்லில் செதுக்கிய எண். கணவர் இருந்த காலத்தில் கண்ட முதல் எண்ணுக்கும் இதற்கும் ஆறாம் இலக்கத்தில் வேறுபாடு இருந்தது. பழைய கம்பி தளர்ந்திருந்தது என்று காரணம் சொன்னார். அவருடைய முதல் எண்ணே சரி என்று எழுதிய வேற்றுநாட்டு ஆய்வுக்கூடத்துக்கு, சற்றுக் காரமாகவே மூன்று மடல்கள் எழுதினார்.

விழாவுக்கு மூன்று நாள் முன்பு, அறையைப் பொறுப்பேற்கவிருந்த துணைப் பேராசிரியர், கழித்தலுக்கு முந்திய வெற்றளவுகளைப் புரட்டிக்கொண்டிருந்தவர், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்.

"மேடம், ஒரு சந்தேகம். இந்த ஒன்பது வருஷமா சாயங்காலத்துல புள்ளி நகரவே இல்லையே. பஸ் எல்லாம் ஓடிக்கிட்டுதானே இருக்கு?"

"புதுக்கம்பியாச்சே. அதிர்வு தாங்கும்."

"அப்ப நாம எதைக் கழிக்கிறோம்?"

கேள்வி கேட்டவருக்கு நாற்பத்தெட்டு வயது; அவரும் முன்னொரு நாள் அந்தக் கரும்பலகைக் கோட்டின் முன் விழித்தவர்தாம். அவர் போனபின் பேராசிரியர் கதவைச் சாத்திக்கொண்டு, பழைய குறிப்பேடுகளை எல்லாம் மேசைமேல் இறக்கினார். புள்ளி கடைசியாக நகர்ந்த நாள் ஒரு புதன்கிழமை. மறுநாள் வியாழன் அசையவில்லை. அதன்பின் ஒருநாளும் அசையவில்லை. அந்த வியாழன் எதுவென்று பார்க்க அவருக்கு நாட்காட்டி தேவைப்படவில்லை. புதுக்கம்பி மாற்றியதோ அதற்கு மூன்று வாரம் கழித்து. பேருந்து திருப்பிய அந்தப் பத்து நாளும் நினைவுக்கு வந்தன. அப்பத்து நாளில் சாலையில் இல்லாதவை பேருந்துகள். ஆனால் வழக்கமான இடத்தில் இல்லாதிருந்தவர் இன்னொருவர். சாலை முனையில் கைகாட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

பட்டறையில் கருவியாளர் பித்தளைத் திருகொன்றை அராவிக்கொண்டிருந்தார். பேராசிரியர் உள்ளே வந்து நின்ற தோற்றத்தைக் கண்டு அரத்தைக் கீழே வைத்தார்.

"ஒண்ணு கேக்கணும். சாயங்காலத்துல அவர் எங்க காத்துக்கிட்டிருப்பார்? மரத்தடியிலயா?"

கருவியாளர் கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார்.

"சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருந்தாரும்மா. இப்ப சொன்னா என்ன. நாலு நாப்பதுக்கெல்லாம் வந்துருவார். ரூமுக்குள்ள யாரும் வரக்கூடாதுன்னு நீங்க எழுதி ஒட்டினப்பறம் என்கிட்ட வந்து, 'உள்ள போகாம, அவ பக்கத்துலயே உக்கார எங்கயாவது இடம் இருக்கா'ன்னு கேட்டார். பின்பக்கம் மாடிப்படிக்கு அடியில ஒரு பொந்து இருக்கு. குழாய் போடறதுக்காக மண்ணை வாரினது, திருப்பிப் போடாம விட்டுட்டாங்க. அங்க ஒரு மரப்பெட்டி போட்டுக் குடுத்தேன். சுவத்துல முதுகைச் சாய்ச்சுக்கிட்டு உக்காந்திருப்பார். நீங்க பூட்டற சத்தம் கேட்டதும் எழுந்து மரத்தடிக்கு ஓடிருவார்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"தொந்தரவுன்னு நினைப்பீங்கன்னு சொல்வார். நடுவுல ரெண்டு முழச் சுவர் இருக்கே, சும்மா உக்காந்திருக்கிற ஆளால என்ன ஆகப்போகுதுன்னு நானும் விட்டுட்டேன். நீங்க மின்தூக்கியைக் கேட்டீங்க, தண்ணி மோட்டாரைக் கேட்டீங்க. என்னை யாரும் கேக்கலையேம்மா."

அது மெய்தான். சூரியனையும் நிலவையும், ஆற்றின் நீர்மட்டத்தையும், நகரத்தின் பொறிகளையும் ஐயுற்ற அந்தப் பேரறிவு, சுவருக்கு அப்பால் ஒரு மனிதர் அமர்ந்திருக்கக்கூடும் என்று எண்ணவே இல்லை. எதுவும் எதையும் இழுக்கும் என்று வகுப்புதோறும் சொன்னவர், தம்மை நோக்கி இழுபட்டு வந்தவரின் இழுப்பைப் பேருந்து என்று எழுதிவிட்டார். இதை எண்ணிச் சிரிப்பதா அழுவதா என்று எனக்கே தெரியவில்லை. பேராசிரியர் இரண்டும் செய்யவில்லை. அவர் கேட்ட அடுத்த கேள்வி, அவரைப்போன்றோர் மட்டுமே கேட்கக் கூடியது.

"அவர் எடை என்னன்னு ஞாபகம் இருக்கா?"

"எண்பத்தாறு கிலோ. மாசா மாசம் இந்தத் தராசுலதான் ஏறி நிப்பார். ஒரு கிலோ குறைச்சு எழுதிக்கச் சொல்வார், நீங்க கேட்டா காட்டறதுக்கு."

மறுநாள் மாலை, கருவியாளர் இருபது கிலோ எடைக்கற்கள் நான்கையும், ஐந்து கிலோ ஒன்றையும், ஒரு கிலோ ஒன்றையும், ஒவ்வொன்றாய்த் தூக்கிக்கொண்டுபோய் அந்த மரப்பெட்டியின்மேல் அடுக்கிவிட்டு, எட்ட விலகி நின்றார். பேராசிரியர் முன்னறை நாற்காலியில், ஒன்பது ஆண்டுகளாக அந்நேரத்தில் அமராத நாற்காலியில், அமர்ந்து கண்ணாடிச் சாளரத்தின் வழியே அளவுகோலைப் பார்த்தார். முறுக்கிக்கொள்ளும் அந்தக் கம்பி அவசரம் அறியாதது. புள்ளி சற்றுத் தயங்கியது. ஓர் இமைப்பில் தெரியாத நகர்ச்சியாய், பார்வையை விலக்கி மீட்டால்தான் தெரியும் நகர்ச்சியாய், மேற்கு நோக்கிப் புறப்பட்டது. ஒரு கோடு கடந்தது. இரண்டு கடந்தது. மூன்றாம் கோட்டைத் தாண்டிச் சென்று, திரும்பி வந்து, மீண்டும் சென்று, மெல்ல மெல்ல அடங்கி, மூன்றின்மேல் நின்றது.

வந்துவிட்டார் என்று நெஞ்சு சொன்னது. இரும்பு என்று அறிவு சொன்னது. முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு அவர் வெகுநேரம் இருந்தார். ஒன்பது ஆண்டுகளில் அடக்கி வைத்திருந்த ஏக்கமெல்லாம் அந்த மூன்று கோட்டில் அவரைப் பிடித்துக்கொண்டது. ஒருமுறை, ஒரே ஒருமுறை, ஐந்து மணிக்கு எழுந்துபோய்ப் படிக்கட்டின் பின்பக்கம் எட்டிப் பார்த்திருந்தால் போதும்.

பிறகு அவர் குறிப்பேடுகளைப் படித்தார். எண்களாக அல்லாமல், எவரோ தமக்கு எழுதி, தாம் பிரிக்காமல் வைத்திருந்த மடல்களாகப் படித்தார். புள்ளி ஐந்தேகாலுக்கு நகர்ந்த நாள் ஒன்று இருந்தது. அது பெருமழை நாள், கணவர் முழங்கால்வரை நனைந்து வந்திருந்தார். இருவரும் பேசாதிருந்த வாரம் ஒன்று இருந்தது. அந்த வாரம் முழுதும் இவர் தனியே வீடு திரும்பினார். மரத்தடியில் எவரும் இல்லை, கோபம் போலும் என்று நினைத்திருந்தார். குறிப்பேட்டிலோ ஆறு நாளும் நான்கு நாற்பதுக்கு மூன்று கோடு இருந்தது. இன்னொன்றும் இருந்தது. ஐந்தாண்டுக் காலம் புதன்கிழமைதோறும் புள்ளி சற்றுக் கூடுதலாக நகர்ந்திருந்தது. தொடக்கத்தில் மூன்றரைக்குச் சற்றுமேல், முடிவில் நான்குக்கும் மேல். புதன் சந்தைநாள், பேருந்துகளில் சுமை மிகுதி என்று தம் கையாலேயே ஓரத்தில் எழுதி வைத்திருந்தார். வெளியூரில் மருத்துவராயிருக்கும் மகளைத் தொலைபேசியில் அழைத்தார்.

"சின்ன வயசுல புதன்கிழமை உன்னை அப்பாதானே ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வருவார்? எங்க கூட்டிட்டுப் போவார்?"

மறுமுனையில் மகள் சிரித்தாள்.

"கண்டுபிடிச்சுட்டியா? மாடிப்படிக்கு அடியில. அப்பா மடியில உக்காந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். சத்தம் போடாதே, அம்மா எண்ணிக்கிட்டிருக்காம்பார். அப்புறம் நான் பெருசாகி மடி பத்தாம போச்சு. ஏம்மா, யாரு சொன்னா?"

"நீதான் சொன்னே. அஞ்சு வருஷமா சொல்லியிருக்கே. நான்தான் கவனிக்கல."

இனி எஞ்சியது கல். கணிப்பொறியின் கழித்தலை நீக்கிவிட்டு ஒன்பதாண்டு அளவுகளை மறுபடி கணித்துப் பார்த்தார். ஆறாம் இலக்கம் மாறியது. முதல் எண்ணோடும், தாம் காரமாய் மடல் எழுதிய அந்த வேற்றுநாட்டாரின் எண்ணோடும் போய்ப் பொருந்தியது. எண்ணைத் திருத்துவது அவருக்குப் பெரிதன்று. அதற்குக் காரணம் எழுத வேண்டுமே, பிழை என்று எழுதும் இடத்தில் கணவர் பெயரை எழுத வேண்டுமே என்பதுதான் வலித்தது. பேருந்து வழி மாறிவிட்டது என்று ஒரு வரி எழுதினால் எவரும் கேட்கப்போவதில்லை. அவரும் தம் படிக்கட்டின் நிழலில் எவர் கண்ணிலும் படாமல் இருப்பார். அன்று மாலை முழுதும் பேராசிரியர் அந்த ஒரு வரியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

துறைத்தலைவர் அதைக்காட்டிலும் எளிய வழி சொன்னார். "ஆறாவது இலக்கம், மேடம். யாரு பார்க்கப் போறாங்க? விழா நல்லபடியா முடியட்டும், அப்புறம் சத்தமில்லாம ஒரு கட்டுரை எழுதிக்கலாம். கல்லு வந்தாச்சு, துணிகூடப் போர்த்தியாச்சு."

"முப்பத்துநாலு வருஷமா பசங்ககிட்ட ஒண்ணு சொல்லிட்டு, போற அன்னைக்கு வேற மாதிரி நடந்துக்கச் சொல்றீங்களா?"

"உங்க மரியாதைக்காகத்தான் சொல்றேன்."

"தெரியும். ஆனா வதந்தியைக் கல்லுல செதுக்கினாலும் அது வதந்திதான்."

விழா நாளில், அரங்கு நிறைந்திருந்தது. பழைய மாணவர்கள் நரைத்த தலையோடு வந்திருந்தார்கள். மகள் முன்வரிசையில் அமர்ந்திருந்தாள். கருவியாளர் சலவைச் சட்டையில் அடையாளம் தெரியாமல் கடைசி வரிசையில் நின்றார். ஆய்வாலும் கற்பித்தலாலும் தொண்டாலும் அவர் செய்தவற்றை ஒவ்வொருவராய் எடுத்துரைத்து மாலையிட்டபின், பேராசிரியர் எழுந்தார். எழுதிவைத்த உரையைக் கையிலிருந்து மேசைமேல் வைத்துவிட்டு, வகுப்பில் பேசுவதுபோலப் பேசினார்.

"வெளியில ஒரு கல்லு இருக்கு. அதுல இருக்கிற எண் தப்பு. எவ்வளவு தப்புன்னும் சொல்லணும், இல்லேன்னா நீங்களே என்னை விட மாட்டீங்க. ஆறாவது இலக்கத்துல தப்பு. ஏன் தப்புன்னு சொல்றேன். இருபத்திரண்டு வருஷம் ஒரு மனுஷன் சாயங்காலம் தவறாம வந்து அந்தச் சுவத்துக்குப் பின்னால உக்காந்திருந்தார். என் கருவிக்கு அது தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியல. நான் அவரைப் பஸ்னு எழுதி, தினமும் கழிச்சேன். அதுவரைக்கும் எண் சரியாத்தான் இருந்துச்சு. அவர் இறந்துபோனார். பஸ் ஓடிக்கிட்டுதானே இருக்குன்னு, நான் அப்புறமும் ஒன்பது வருஷம் கழிச்சுக்கிட்டே இருந்தேன். இல்லாத ஒருத்தரைக் கழிச்சா கணக்கு எப்படிச் சரியா வரும்?"

முன்வரிசையில் மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒண்ணே ஒண்ணு. கட்டுரையில இதைப் பிழைன்னு எழுதப் போறதில்ல. பிழை என்னோடது. அவர் எண்பத்தாறு கிலோ எடையுள்ள ஒரு பொருள், நாலு அடி தள்ளி சுவத்துல சாய்ஞ்சு உக்காந்திருந்தார்னு எழுதுவேன். எல்லாப் பொருளும் இழுக்கும். அவரும் இழுத்திருக்கார்."

கடைசி வரிசையில் கருவியாளர்தாம், தட்டலாமா கூடாதா என்று அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, முதலில் தட்டினார். பின் அரங்கு முழுதும் எழுந்து நின்றது. துணியை விலக்கும்போது கல்லில் ஆறாம் இலக்கம் இருந்த இடம் உளியால் கொத்தி வெறுமையாய் விடப்பட்டிருந்தது. அதைச் செய்தவர் துறைத்தலைவர்தாம். காலையிலேயே ஆளை அழைத்து வந்து செய்துவிட்டு, எவரிடமும் சொல்லவில்லை. வேற்றுநாட்டாருக்கு நான்காவது மடலும் அன்றே போயிற்று. அதில் காரம் இல்லை.

விருந்தும் படமெடுத்தலும் முடிந்து, மக்கள் கலைந்து, மகள் மாலைகளையும் பரிசுகளையும் வண்டியில் ஏற்றப் போன பொழுதில், நாம் முதலில் கண்ட அதே வெயில் நூலகத்துச் சாளரங்களில் வந்து நின்றது. நிலவறையின் திறவுகோல் இப்போது துணைப் பேராசிரியரிடம் இருந்தது. திருத்தம் நீக்கிய புதிய அளவெடுப்பின் முதல் நாளைத் தாமே அருகிருந்து பார்க்க எண்ணி, அவர் விழாவுக்கிடையிலேயே நழுவி முன்னறையில் போய் அமர்ந்திருந்தார். ஐந்து மணியளவில் புள்ளி நகர்ந்திருப்பதைக் கண்டார். எடைக்கற்களை அகற்றியாயிற்றே என்று திகைத்து மறுபடியும் பார்த்தார். மேற்குப் பக்கமாக, இரண்டு கோடு. சற்றுநேரம் அதையே பார்த்திருந்துவிட்டு, ஓசைப்படாமல் எழுந்து, படியேறிப் பின்பக்கம் சுற்றிச் சென்றார்.

மாடிப்படியின் அடியில், குனிந்தால் மட்டும் நுழையக் கூடிய அந்தச் சிறு இடத்தில், பழைய மரப்பெட்டியின்மேல், விழாப்பட்டின் மடிப்புக் கலைந்தது தெரியாமல், பேராசிரியர் சுவரில் முதுகு சாய்த்து அமர்ந்திருந்தார். சுவரில் அவர் முதுகுக்குச் சற்று மேலே, இன்னும் அகலமான முதுகு ஒன்று இருபத்திரண்டு ஆண்டுகள் சாய்ந்து சாய்ந்து சுண்ணம் வழவழப்பாகியிருந்தது. அங்கிருந்து கேட்டால் அறைக்குள் நாற்காலி கிறீச்சிடுவதும், ஏடு புரளுவதும், கதவின் தாழ் விழுவதும் கேட்கும். இத்தனையையும் கணவர் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கண்களை மூடி, தம்மைத் தாமே சுவருக்கு இப்பாலிருந்து கேட்பவரைப்போலப் பேராசிரியர் இருந்தார்.

துணைப் பேராசிரியர் கனைத்தார்.

"வந்து ரொம்ப நேரம் ஆச்சா, மேடம்?"

கண் திறந்தவர், அவ்வினாவை எவரோ நெடுந்தொலைவிலிருந்து தம்மிடம் திருப்பித் தந்ததுபோல ஒருநொடி அவரைப் பார்த்தார்.

"இல்லப்பா, இப்பதான் வந்தேன்."

துணைப் பேராசிரியர் மீண்டும் படியிறங்கிப்போய், குறிப்பேட்டைத் திறந்து, அன்றைய பக்கத்தில் ஒளிப்புள்ளி நகரத் தொடங்கிய நேரத்தைப் பதிவில் பார்த்து, நான்கு நாற்பது என்று எழுதினார். கழிக்க வேண்டிய அளவு என்ற கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு, காரணம் என்ற கட்டத்தில், பேராசிரியர் வந்திருந்தார் என்று எழுதினார். ஆறு மணிவரை அவர் கதவைப் பூட்டவில்லை. புள்ளியும் அதுவரை இரண்டாம் கோட்டைவிட்டு நகரவில்லை.